பின்னால் இருப்பவர் சொன்னால்

பீலெஃபெல்ட்
09.03.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாதாவின் தயவில் நாங்கள் நால்வரும் சுகம். உங்கள் சீனி வருத்தமும் பிளோறன்ஸ் மச்சாளின் முழங்காலும் எப்படி? பேசாலையில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். இங்கே குளிர் விட்டபாடில்லை.

சிசிலியை எங்கள் நிலக்ஷனுக்குக் கேட்டு எழுதியிருந்தீர்கள். வாசித்துவிட்டு அழுதே போனேன். உங்களுக்கு என் புருஷனின் தங்கை, எனக்கு உங்கள் மனைவியின் அண்ணன் என்று ஒரே பந்தலில் மாற்றுக் கலியாணம் செய்தவர்கள் நாம். பிள்ளைகளும் வெளியே போகாமல் இருந்தால் வேறென்ன வேண்டும்? நிலக்ஷனுக்கு இருபத்தொரு வயது. மின்வேலை அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, இந்த வருடம் முடிகிறது. குடி இல்லை, சிகரெட் இல்லை. கூட்டாளிமார் எல்லோரும் கார் லைசென்ஸ் எடுத்துவிட்டார்கள். இவன் மட்டும் "அவசரமில்லை அம்மா" என்கிறான். அவ்வளவு அடக்கம்.

லாராவின் கண்தான் போன வருடத்தைவிடக் குறைந்துவிட்டது. குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் தெரிகிறதாம். பொழுதுபட்டால் அதுவும் இல்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு நான்தான் சோறு குழைத்துக் கொடுக்கிறேன், தலை இழுத்து விடுகிறேன். இப்போது அவளுக்கு ஒரு புதுப் பைத்தியம். பார்வை குறைந்த இளம்பிள்ளைகளுக்கென்று இங்கே ஒரு சைக்கிள் குழு இருக்கிறது. ஒரே சைக்கிளில் இரண்டு இருக்கை. கண் தெரிந்தவர் முன்னால், தெரியாதவர் பின்னால், இருவரும் மிதிக்க வேண்டும். நடத்துகிற பிறவ் நீமையர் என்ற அம்மாவுக்கே கண் தெரியாது. "விழுந்தால்?" என்று கேட்டேன். "எழும்புவாள்" என்றார். இப்படியும் ஒரு பெண்!

அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. பின்னால் இருப்பவர் சொன்னால்தான் சைக்கிள் புறப்படும். அவர் "ஹால்ற்", அதாவது நில் என்றால், முன்னால் இருப்பவர் ஏனென்று கேளாமல் பிரேக் பிடிக்க வேண்டும். அதைக் கேட்டதும் லாராவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! யாரோ காணி எழுதிக் கொடுத்ததுபோல இருந்தாள். நான் ஒரு நிபந்தனை போட்டுத்தான் விட்டேன். முன்னால் அண்ணன்தான் இருக்க வேண்டும். அவன் இருந்தால் எனக்கு நெஞ்சு ஆறுதல்.

மச்சாளுக்கும் சிசிலிக்கும் என் முத்தங்கள்.

உங்கள் தங்கை,
பிறேமா

*

பேசாலை
04.04.2003

என் ஆசைத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சீனியால் எனக்கு எழுத்து மங்கல். அதிலும் உன்னுடைய கோழி கிளறிய எழுத்து! அதனால் சிசிலிதான் மத்தியானத்தில் முற்றத்தில் இருந்து உரத்து வாசிப்பாள், நானும் உன் மச்சாளும் கேட்போம். நிலக்ஷனின் பேர் வரும் இடத்தில் குரல் இறங்குகிறது. இனி நீயே விளங்கிக்கொள்.

குமர்ப்பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றுகிறாயே, உனக்கு மூளை பிசகிவிட்டதா? கண் தெரியாத பிள்ளையை வீட்டில் வைத்துப் பின்னல் பழக்கக்கூடாதா? அண்ணன்காரன் முன்னால் இருப்பதால் பேசாமல் விடுகிறேன்.

சிசிலியைப்பற்றி என் வாயால் சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்கிறேன். விளக்கு வைத்துவிட்டால் படி தாண்டமாட்டாள். கோயில் பெருநாளின் நற்கருணைப் பவனிக்குக்கூட மற்றப் பெண்களோடு போகாமல் வீட்டில் இருந்து செபமாலை சொல்லும் பிள்ளை. இந்தக் காலத்தில் எந்த வீட்டில் இப்படி? நெருங்கிய சொந்தம் என்பதால் ஆயரிடம் விதிவிலக்கு வாங்க வேண்டும். பாதரோடு பேசிவிட்டேன். கலியாணம் செய்யாத திருவருகைக் காலத்துக்கு முன் முடித்தால் நல்லது.

மச்சான் அருட்பிரகாசத்துக்குச் சுகம் சொல்லு. நிலக்ஷனின் நல்ல படம் ஒன்று அனுப்பு.

அண்ணன்,
லோறன்ஸ்

*

பீலெஃபெல்ட்
18.05.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

கர்த்தர் உங்களைக் காப்பாராக. இவருக்கு இடுப்பு நோ, மற்றபடி குறையில்லை. மச்சாளுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் மருமகள் செய்த கூத்தைக் கேளுங்கள். போன சனிக்கிழமை தனியே பஸ் எடுத்துச் சைக்கிள் குழுவுக்குப் போகிறேன் என்று வெள்ளைத் தடியோடு கிளம்பினாள். நான் சரி என்று சொல்லிவிட்டு, பூனைபோலப் பின்னால் போனேன். தெருமுனையில் நின்று, திரும்பாமலே சொல்கிறாள்: "அம்மா, உங்கட இடது சப்பாத்து கீச்சிடுது. வீட்ட போங்கோ." ரோட்டில் நின்ற ஜேர்மன்காரி சிரித்தாள். அரைவாசிக் கோபத்தோடும் அரைவாசி அழுகையோடும் திரும்பி வந்தேன். சப்பாத்தை மட்டும் மாற்றவில்லை.

சோறு குழைக்கவும் விடுகிறாளில்லை. "எது கறி, எது சொதி எண்டு நானே தொட்டுப் பாத்துச் சாப்பிடுவன்" என்கிறாள். மேசை முழுக்கச் சிந்துகிறது. ஆனால் தின்கிறாள், அண்ணா! மிதித்துவிட்டு வந்தால் இரண்டு கோப்பை தின்கிறாள். கால் இரண்டும் உரல்போல இறுகிவிட்டன.

நிலக்ஷனின் படம் இத்துடன். நெற்றியில் பிளாஸ்ரர் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிலவறைப் படியில் யாரோ பெட்டி வைத்திருக்கிறார்கள், தடக்கி விழுந்துவிட்டான். இளந்தாரிதானே, கவனம் எங்கே? போன கிழமை அடுத்த வீட்டுக் குப்பை வாளியையும் இடித்து விழுத்தினான். ஆனால் சைக்கிள் விஷயத்தில் படு பொறுப்பு. வெயில் நிற்கும்போதே திரும்ப வேண்டும் என்று அடம் பிடிப்பான். குழுவில் மற்றவர்கள் லைற் போட்டுக்கொண்டு பொழுதுபட வருவார்கள். இவன் மாட்டான்.

இது நல்ல பழக்கம்தானே? சிசிலியைப்போல.

உங்கள் நினைவோடு,
பிறேமா

*

பேசாலை
20.06.2003

தங்கச்சி பிறேமாவுக்கு,

தைலம் கிடைத்தது. மச்சாள் உன்னை வாழ்த்துகிறாள். கடலில் நல்ல மீன்பாடு, மீனவர் சங்கத்தில் ஐஸ் தட்டுப்பாடு. எனக்கு ஓயாத வேலை.

உன் கடிதத்தில் பெட்டி, படி, வாளி என்ற இடத்தைச் சிசிலி வாசித்தபோது பிளோறன்ஸ் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். பிறகு என்னிடம் தனியே ஒரு விஷயம் கேட்கச் சொன்னாள். குறை நினைக்காதே. எங்கள் சூசைச் சித்தப்பாவை உனக்கு ஞாபகமிருக்கும். இரவுத் தொழிலுக்குப் போகாத சோம்பேறி என்று ஊரே பகிடி பண்ணியது. கடைசியில் ஓர் இரவு இறங்குதுறைப் பாலத்தால் நடந்து கடலுக்குள் போய்விட்டார். கள்ளு என்று சொல்லி அடக்கம் செய்தோம். அந்த மனுஷன் கள்ளை வாயில் வைத்ததே இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தம்பி நிலக்ஷனுக்கு மங்கல் பொழுதில் பார்வை நல்லமோ? ஒரு வரி எழுதினால் போதும்.

அண்ணன்,
லோறன்ஸ்

*

பீலெஃபெல்ட்
24.08.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். இங்கே இந்த வருடம் ஒருநாளும் காணாத வெக்கை. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக் குசினியில் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். எனக்கும் தலைச்சுற்று. கடிதம் எழுதக் குந்துவேன், பிறகு எழும்பிவிடுவேன். நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

நீங்கள் கேட்டிருந்தீர்கள். தம்பி நல்ல சுகம். நன்றாகச் சாப்பிடுகிறான், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறான்.

வீட்டில் குசினிக்கும் நடைக்கும் பெரிய பல்ப் மாற்றிவிட்டேன். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் என்ன கலியாண வீடோ என்கிறார்கள்.

லாராவோடுதான் சண்டை. வெயிலைச் சாட்டி, சைக்கிளை விடு பிள்ளை என்று சொன்னேன். இலையுதிர்கால விடுமுறையில் வேசர் ஆற்றங்கரையால் பல நாள் சைக்கிள் பயணம் போகிறார்களாம். அதற்கு இவள் பேர் கொடுத்துவிட்டாள். போகவிடமாட்டேன் என்றேன். "விழுந்தா நான் எழும்புவன். எனக்காகப் பயப்பிடுறியளோ, அண்ணாவுக்காகப் பயப்பிடுறியளோ?" என்று கேட்டாள். நான் கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டேன். அவள் குனிந்து, சத்தம் கேட்ட இடத்தைத் தடவி, எடுத்துக் கழுவித் தந்தாள்.

இவரிடம் சொன்னால், "பிள்ளையள் பாத்துக்கொள்ளுவினம்" என்று தொலைக்காட்சியைப் பார்க்கிறார். சனிக்கிழமைகளில் அவர்கள் இருவரும் அந்த ஒற்றைச் சைக்கிளில் தெருவைத் திரும்பும்வரை யன்னலில் நிற்கிறேன். பிறகு செபமாலையை எடுத்துவிடுவேன்.

எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

பிறேமா

*

பேசாலை
17.09.2003

தங்கச்சி பிறேமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வெக்கையில் கவனமாக இரு. மச்சாளின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது.

கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நானும் இனிக் கேட்கப்போவதில்லை. பிளோறன்ஸையும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல காரியம் நடக்கப்போகும் வீட்டில் கிண்டிக்கொண்டிருக்கக்கூடாது.

விதிவிலக்கு வர மார்கழியாகும் என்கிறார் பாதர். தை மாதம் கோயிலில் கலியாண ஓலை வாசிப்போம், மூன்று ஞாயிறு. தடை தெரிந்தவர்கள் எழும்பிச் சொல்லலாம் என்று பாதர் வழமைபோலக் கேட்பார். எங்கள் கோயிலில் இதுவரை ஒருவரும் எழும்பியதில்லை, எழும்பவும் போவதில்லை. தம்பியை மாசியில் அனுப்பு.

சிசிலியின் படம் வைத்திருக்கிறேன். கமெராவைப் பார்க்காமல் பக்கத்தைப் பார்க்கிறாள். வெட்கம். கையில் துணி சுற்றியிருப்பது ஒன்றுமில்லை. எங்கள் குசினியில் வெளிச்சம் குறைவு, கஞ்சிப்பானையைத் தூக்கும்போது பட்டுவிட்டது.

லாராவின் பயணத்தைப்பற்றி நான் என்ன சொல்ல? தகப்பன் இருக்கிறார்தானே.

அண்ணன்,
லோறன்ஸ்

*

பீலெஃபெல்ட்
12.10.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இந்தமுறை சுகம் விசாரிக்கும் வரியில் இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நேற்றுச் சைக்கிள் குழு ஓபர்சே ஏரிக்குப் போனது. திரும்பும்போது எங்கள் பிள்ளைகளின் சக்கரத்துக்குக் காற்றுப் போய்விட்டது. ஒட்டிக்கொண்டு புறப்படப் பொழுதுபட்டுவிட்டது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். றாம் வண்டியின் தண்டவாளத்தைக் கடக்கும் இடம். நிலக்ஷன் மிதித்துக்கொண்டே போயிருக்கிறான். றாம் வரும் சத்தம் கேட்டு லாரா பின்னால் இருந்து "ஹால்ற்!" என்று கத்தினாள். அவன் பிரேக் பிடித்தான். முன்சக்கரத்துக்கு முன்னால் றாம் போனது. அதன் காற்று தன் தலைமயிரைத் தூக்கியதாக லாரா சொல்கிறாள்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். லாரா முன்னால் தடியோடு, அவன் அவள் தோளைப் பிடித்தபடி பின்னால். யன்னலில் நின்று அதை நான் கண்டேன். அண்ணா, அந்தக் காட்சியை எந்தத் தாயும் காணக்கூடாது.

குசினியில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் கேட்டாள்:

"அண்ணா, றாம் தெரிஞ்சதோ?"

அவன் கதிரையைத் தடவி இருந்தான்.

"எனக்குச் சித்திரையில இருந்து தெரியும். மர நிழலுக்க போகேக்க உன்ர கால் மிதியில தயங்கும். நான் சின்னனில தயங்கின மாதிரி. நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"சொன்னா உன்னை ஆர் கூட்டிக்கொண்டு போறது?" என்றான்.

"நான் என்ன மூட்டையோ, கூட்டிக்கொண்டு போக?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, உங்களுக்கும் தெரியும். பல்ப் மாத்தினது எனக்காண்டி இல்லை. எனக்கு எந்தப் பல்ப்பும் காணாது" என்றாள்.

இவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியை மேசையில் வைத்தேன்.

கண் ஆஸ்பத்திரிக்கு லாராவே போன் பண்ணி நிலக்ஷனுக்கு ரெர்மின், டொக்டரைப் பார்க்க நாள், எடுத்துவிட்டாள். இனி அவன் ஓட்டும் சைக்கிளில் ஏறமாட்டேன் என்று பிறவ் நீமையருக்கும் சொல்லிவிட்டாள். வேசர்ப் பயணத்துக்கு வேறொரு பெண் முன்னால் இருப்பாளாம். என்னிடம் அனுமதி கேட்கவில்லை, செய்தியாகச் சொன்னாள். நானும் மறிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னவளும் அவள்தான். "மாமாவுக்கு உள்ளதை எழுதுங்கோ. பேனைச் சத்தம் கேக்குமட்டும் இதில நிப்பன்" என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். எழுதிவிட்டேன். கலியாணம் நின்றுபோனால் போகட்டும்.

உங்கள் கடிதங்களை நான் இவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அதில் ஒன்று கேட்கச் சொல்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "விளக்கு வைச்சாப் படி தாண்டமாட்டாவாம், பவனிக்குப் போகமாட்டாவாம், கையைச் சுட்டுப்போட்டாவாம். சிசிலி மச்சாள் ராவில நட்சத்திரம் கண்டிருக்கிறாவோ?"

பிறேமா

*

பேசாலை
06.11.2003

பிறேமாவுக்கு,

நாங்கள் சுகம்.

உன் மகளுக்கு வாய் நீளம். கண்ணில்லாத பிள்ளை என்பதால் பொறுக்கிறேன். குமர்ப்பிள்ளையைப்பற்றி இப்படி ஒரு கேள்வியைக் கடிதத்தில் எழுதலாமா? அது ஊரில் பரவினால் அவளை யார் கட்டுவான்?

உன் மகனின் சம்பந்தம் வேண்டாம். பாதரிடம் சொல்லிவிட்டேன். தலைமன்னாரில் வேறோர் இடம் வந்திருக்கிறது, பிறத்தியார், நல்ல மனிதர்கள். அதைக் குழப்பிவிடாதே. இனி இதுபற்றி எழுதவேண்டாம்.

லோறன்ஸ்

*

பீலெஃபெல்ட்
07.12.2003

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும் சிசிலிக்கும்,

பிறக்கப்போகும் பாலன் உங்கள் வீட்டை ஆசீர்வதிப்பாராக. சீனிக்கு மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா, அண்ணா?

எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். திட்டினால் திட்டுங்கள்.

நிலக்ஷனுக்கும் லாராவின் அதே வருத்தம்தான். ஓரங்களில் பார்வை போய்விட்டது. நடு எவ்வளவு காலம் நிற்கும் என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை. ஏணியில் ஏறும் வேலை இனி இல்லை. ஒரு கிழமை அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தான். நானும் கதவுக்கு வெளியே கிடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

லாரா ஆற்றங்கரைப் பயணத்துக்குப் போய் வந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, சப்பாத்து முழுக்கச் சேறு, கண்டபடி பசி. வந்த கையோடு அண்ணனின் கதவைத் தட்டினாள். "திற. உள்ளுக்க கிடந்து நீ என்னத்தைப் பாக்கப்போறாய்?" என்று கேட்டாள். பயணத்தின் கதை முழுவதையும் கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தே சொன்னாள். இருட்டுமுன் அவன் திறந்தான்.

போன சனிக்கிழமை நிலக்ஷன் முதல்முறையாகப் பின்னிருக்கையில் ஏறினான். லாரா வேறொரு சைக்கிளின் பின்னிருக்கையில். என் இரண்டு பிள்ளைகளும் பின்னால் இருந்து தெருவைத் திரும்பினார்கள். நான் யன்னலில் நின்றேன். போகும்போது லாரா கத்துகிறாள்: "அண்ணா, நீ சொன்னாத்தான் அவை வெளிக்கிடலாம். சொல்லு!" அவன் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் எனக்குக் கேட்டது.

இனி நான் கேட்கிறேன், லாரா இல்லை. அண்ணா, சிசிலிக்கு மங்கல் பொழுதில் பார்வை எப்படி? சூசைச் சித்தப்பாவை நினைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள். அந்தப் பிறத்தியாருக்குச் சொன்னீர்களா?

உங்கள் தங்கை,
பிறேமா

*

பேசாலை
14.01.2004

அன்புள்ள மாமிக்கு,

நான் சிசிலி எழுதுகிறேன். நீங்களும் மாமாவும் மச்சானும் லாராவும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். நல்ல வெயிலில் முற்றத்தில் இருந்து எழுதுவதால் எழுத்து நேராக இருக்கும்.

உங்கள் மார்கழிக் கடிதத்தை அப்பா உடைக்கவே இல்லை. அலுமாரியில் இருந்ததை நான் எடுத்து உடைத்தேன். முன்னைய கடிதங்கள் எல்லாவற்றையும் நான்தான் சத்தமாக வாசித்தேன். நட்சத்திரம் பற்றிய கேள்வியையும் என் வாயால்தான் வாசித்தேன், மாமி. அப்பா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். அம்மா அழுதா.

லாராவுக்குச் சொல்லுங்கள். நான் நட்சத்திரம் பார்த்ததில்லை. சின்ன வயதில் மற்றப் பிள்ளைகள் அண்ணாந்து காட்டும்போது "ஓம், தெரியுது" என்று சொல்லிப் பழகிவிட்டேன். ஒருநாள் பொழுதுபடக் கிணற்றுக் கட்டில் இடித்து விழுந்தேன். அன்றைக்குத்தான் அப்பா, "விளக்கு வைச்சா வெளியில போகாத, ஆரும் கேட்டா அடக்கம் எண்டு சொல்லுவம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் கரைசேர்க்க நினைக்கிறார்.

தலைமன்னார்க்காரர் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வீட்டுக் குசினி பின்வளவில் தனியே இருக்கிறது, அதற்கு முன்னால் கட்டுச் சுவர் இல்லாத கிணறு. அம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னா. அன்றிலிருந்து அவ நித்திரை கொள்வதில்லை.

நேற்று அப்பாவிடம், "நிப்பாட்டுங்கோ அப்பா" என்று சொன்னேன். "ஏன்?" என்று கேட்டார். ஏன் என்று தெரியாதவர்போலக் கேட்டார். லாராவின் சைக்கிளில் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது.

வரும் ஞாயிறு முதல் ஓலை. தடை தெரிந்தவர்கள் எழும்பிச் சொல்லலாம் என்று பாதர் கேட்பார். கண் குறைவு தடையோ இல்லையோ எனக்குத் தெரியாது. மறைத்துக் கட்டுவது தடை என்று நினைக்கிறேன். தெரிந்துகொண்டு கட்டுகிறவர் கட்டட்டும்.

முன்வாங்கில் இருப்பேன். காலைப் பூசை, வெளிச்சம் இருக்கும். எழும்பிவிடுவேன் என்று லாராவிடம் சொல்லுங்கள்.

அன்பு மருமகள்,
சிசிலி